ஓர் ஏக்கரில் பன்னிரு மாதங்கள்

“தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான்” என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. மாமரம் வைத்தவனைப் பற்றி அவர்கள் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று நான் சில வேளைகளில் எண்ணிப் பார்ப்பதுண்டு. மா வைத்தவன் சாவதற்கு முன் பலமுறை மனம் உடைவான், உடைந்த மனத்தோடு மறுபடியும் மண்வெட்டியை எடுப்பான். இது என் சொந்த அனுபவம்.

2004ஆம் ஆண்டில் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றேன். கையில் கிடைத்த தொகையின் ஒரு பகுதியைக் கொண்டு திண்டுக்கல்லுக்கு அருகே, சிறுமலையின் அடிவாரத்தில் ஓர் ஏக்கர் செம்மண் நிலம் வாங்கினேன். பாறை கலந்த மேட்டு நிலம் அது. ஒரு கிணறும் சுற்றிலும் கிளுவை வேலியும் ஓர் ஓட்டுக் கொட்டகையும் இருந்தன. நாற்காலியில் அமர்ந்து பழம் பறித்துத் தின்னும் ஓய்வு வாழ்க்கை எனக்காகக் காத்திருப்பதாக அன்று நம்பினேன். என் துணைவியார் மட்டும் பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் கோடிட்ட ஏடு ஒன்றை வாங்கி, அதன் முதற்பக்கத்தில் “ஆடி” என்று எழுதினார். அன்று தொடங்கி, தோட்டத்தில் எந்த மாதம் என்ன செய்தோம், எது பிழைத்தது, எது மாண்டது என்பதையெல்லாம் அவர் குறித்து வந்தார். இக்கட்டுரையின் பெரும்பகுதி அந்த ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டதே. சிறிய நிலம் வைத்திருப்போருக்கும், வைத்துக்கொள்ள விரும்புவோருக்கும் இது ஓரளவேனும் பயன்படும் என்னும் நம்பிக்கையோடு எழுதுகிறேன்.

நிலத்தைப் பங்கிடுதல்

ஓர் ஏக்கர் என்பது 100 சென்ட். ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும் இவ்வளவு, மரங்களுக்கு வேண்டிய இடைவெளியைக் கணக்கிட்டுப் பார்த்தால் மிகச் சிறிதாகிவிடும். வழக்கமான முறையில் நடும் மாவுக்கு 10 மீட்டர் இடைவெளி வேண்டும். அவ்வாறாயின் 12 மரங்களுக்கே 30 சென்ட் போய்விடுகிறது. 5 மீட்டர் இடைவெளியில் கொய்யா 20 மரங்கள் வைக்க 12 சென்ட் தேவை. எலுமிச்சை 16 செடிகளுக்கு 10 சென்ட். சப்போட்டாவுக்கு 8 மீட்டர் இடைவெளி விட்டால் நான்கே மரங்கள் 6 சென்ட் இடத்தை எடுத்துக்கொள்ளும். பப்பாளி 40, வாழை 30 ஆகியவை சேர்ந்து 6 சென்ட்டுக்குள் அடங்கிவிடும். எஞ்சிய இடத்தில் கிணறு, கொட்டகை, வண்டித்தடம், காய்கறிப் பாத்தி ஆகியவை. கற்கள் மிகுந்த விளிம்பில் சீத்தா. இதுவே எங்கள் பங்கீடு.

புதிதாகத் தோட்டம் போடுவோர் பெரும்பாலும் செய்யும் தவறு, கன்று சிறிதாக இருப்பதைக் கண்டு நெருக்கி நடுவது. ஆண்டுதோறும் தவறாமல் கவாத்துச் செய்யும் உறுதி உடையவர்களுக்கு அடர் நடவு நல்ல முறைதான். ஆனால் அந்த உறுதி இல்லாதவர்கள் நெருக்கி நட்டால், பத்தாம் ஆண்டில் மரங்கள் ஒன்றன் நிழலில் ஒன்று நின்று, இலைகளை மட்டுமே காய்க்கும். முதல் சில ஆண்டுகளில் மாமரங்களுக்கிடையே கிடக்கும் வெற்றிடம் வீணன்று. அங்கே தட்டைப்பயறும் உளுந்தும் போட்டால் வீட்டுக்குப் பருப்பும் ஆகும், மண்ணுக்குத் தழைச்சத்தும் ஆகும்.

ஆடி முதல் புரட்டாசி வரை

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர்கள் காரணமின்றிச் சொல்லவில்லை. அவரையை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தலில் ஏறும் நாட்டு அவரை, இரவு நீளும் காலத்தில்தான் பூக்கும் இயல்புடையது. ஆடியில் விதைத்தால் கொடி நன்கு தழைத்துப் பரவுகிறது. பிறகு கார்த்திகை, மார்கழியில் இரவு நீளும்போது பந்தல் முழுவதும் பூக்கிறது. பொறுமையின்றிச் சித்திரையிலேயே விதைத்த ஓராண்டு, எங்களுக்குப் பல மாதங்கள் இலை மட்டுமே கிடைத்தது. நாள்காட்டியைப் பயிரும் படிக்கிறது என்பதை அன்று உணர்ந்தோம். அவரையோடு வெண்டை, கத்தரி, கொத்தவரை, புடல், பீர்க்கு, பாகல் ஆகியவற்றுக்கும் இதுவே ஏற்ற பட்டம்.

பழக்கன்றுகளுக்கான குழிகளைக் கோடையிலேயே வெட்டி வெயிலில் ஆறப் போட்டிருக்க வேண்டும். மாவுக்கு மும்முனையும் ஒரு மீட்டர் அளவுள்ள குழி. கொய்யாவுக்கும் பப்பாளிக்கும் 45 சென்டிமீட்டர் போதும். மேல்மண்ணோடு மட்கிய தொழுவுரத்தைக் கலந்து குழியை நிரப்பி, மண் ஒருமுறை மழையில் நனைந்து அமுங்கிய பின்னரே நட வேண்டும். ஆடி முதல் கார்த்திகை வரை, மண்ணில் ஈரம் உள்ள எந்த நாளும் நடவுக்கு நல்ல நாளே.

ஒட்டுக்கன்று வாங்கும்போது ஒரு கூர்ந்த பார்வை தேவை. ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே தெரியுமாறு நட வேண்டும். ஒட்டுக்குக் கீழே தோன்றும் துளிர்களைக் கண்டவுடன் கிள்ளிவிட வேண்டும். எங்கள் பன்னிரண்டு மாக்களில் இரண்டு, பிற கன்றுகளைக் காட்டிலும் விரைவாக ஓங்கி வளர்ந்தன. அவற்றைச் சுட்டிக் காட்டி வருவோர் போவோரிடமெல்லாம் பெருமை பேசினேன். ஆறாம் ஆண்டில் அவை காய்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. மேலே இருந்த இமாம் பசந்த் ஒட்டு எப்போதோ பட்டுப் போயிருந்தது. அடியிலிருந்த நாட்டு மாவின் துளிரையே நான் ஆறாண்டுகளாக ஊட்டி வளர்த்திருக்கிறேன்! நாரும் புளிப்புமான அக்காய்கள் ஊறுகாய்க்கு ஆயின. ஏட்டில் துணைவியார் எழுதியிருந்தது இவ்வளவே: “இரண்டு மா, ஊறுகாய்க்கு. கவனக் குறைவு.” யாருடைய கவனக் குறைவு என்று எழுதாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

ஆவணி, புரட்டாசி மாதங்கள் சீத்தாவின் காலம். கோடையில் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும் இம்மரம், முதல் மழைக்குத் துளிர்த்துப் பூத்து, கேட்பாரற்ற கல்லாங்காட்டிலும் காய்க்கும். காயின் கண்களுக்கிடையே உள்ள பள்ளங்கள் வெளிறி மஞ்சள் பூத்தால் பறிக்கலாம். நீரும் உரமும் கேளாமல் தரும் மரம் இது ஒன்றே எனலாம்.

ஐப்பசியும் கார்த்திகையும்: எலுமிச்சை தந்த பாடம்

வடகிழக்குப் பருவமழை நம் நாட்டின் உயிர். ஆயினும் தோட்டக்காரனுக்கு இது நீர் பாய்ச்சும் காலமன்று, நீரை வடிக்கும் காலம். இதை நான் 16 எலுமிச்சைகளை வைத்துக் கற்றுக்கொண்டேன்.

எலுமிச்சை விதையின் ஒரு சிறப்பைச் சொல்ல வேண்டும். மாங்கொட்டையை நட்டு வளரும் ஒட்டில்லா மரம் தாயைப் போல இருக்கும் என்று உறுதி கூற முடியாது. எலுமிச்சையிலோ ஒரே விதையிலிருந்து பல முளைகள் தோன்றும். அவற்றுள் பெரும்பாலானவை தாய்மரத்தின் திசுவிலிருந்தே பிறப்பதால் தாயையே ஒத்திருக்கும். ஆதலின் நல்ல மரத்தின் விதைநாற்றே போதுமானது. அவ்வாறு வளர்த்த செடிகள் மூன்றாம் ஆண்டில் பூத்தன. மகிழ்ச்சியில், ஒவ்வொரு செடியின் அடியையும் சுற்றிக் கிண்ணம்போல் பாத்தி கட்டி, அடிமரம் மூழ்கும்படி நீர் விட்டேன். 2007ஆம் ஆண்டு ஐப்பசி மழையும் அக்கிண்ணங்களை நிரப்பியது. கார்த்திகையில் அடிமரங்களிலிருந்து பிசின் வடிந்தது. பட்டை கறுத்து உரிந்தது. இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. தை பிறக்கும்போது 16இல் 11 செடிகள் விறகாகிவிட்டன.

பக்கத்து நிலத்துப் பெரியவர், தம் பாட்டனார் காலம் முதல் அம்மண்ணில் பாடுபட்டவர், வந்து பார்த்தார். பட்டையை நகத்தால் சுரண்டி முகர்ந்துவிட்டுச் சொன்னார்: “வாத்தியாரய்யா, மரத்துக்கு வாய் வேர் நுனியிலே இருக்கு. நீங்க கழுத்துல தண்ணியை ஊத்திக் கொன்னுட்டீங்க.”

பள்ளியில் வேரைப் பற்றி முப்பதாண்டுகள் பாடம் நடத்தியவன் நான்! ஈரத்தில் பெருகும் பூசணம் அடிமரத்துப் பட்டையைத் தாக்கியதே நோய்க்குக் காரணம். எஞ்சிய ஐந்து செடிகளைக் காத்த முறையை இங்கே எழுதுகிறேன். அழுகிய பட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டு, அவ்விடத்தில் போர்டோ பசை தடவினோம். மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் என்பது அதன் அளவு. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்துப் பிறகு ஒன்றாகக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. பிறகு அடிமரத்தைச் சுற்றி மண்ணை அணைத்து மேடாக்கி, அதற்கு வெளியே வட்டமாக வாய்க்கால் கட்டி, நீர் தண்டைத் தொடாமல் வேர் நுனிகளுக்குச் செல்லும்படி செய்தோம். மழைக்காலத்துக்கு முன் ஒவ்வோராண்டும் அடிமரத்தில் இரண்டடி உயரத்துக்குப் பசை பூசுகிறோம். அந்த ஐந்தும் இன்றும் வீட்டுத் தேவைக்கு மேல் காய்க்கின்றன.

இக்காலத்தின் மற்றோர் அச்சம் புயல். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்த கஜா புயல், டெல்டா மாவட்டங்களைச் சிதைத்த பின் திண்டுக்கல் வழியாகவும் சென்றது. எங்கள் வாழைகளில் பெரும்பாலானவை குலையோடு சாய்ந்தன. ஆழ வேரூன்றிய மாவும் சப்போட்டாவும் சில கிளைகளை இழந்ததோடு நின்றன. ஒரே வகைப் பயிரில் முழு நம்பிக்கை வைக்கலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மார்கழியும் தையும்: பூக்கும் காலம்

மார்கழியில் மாமரத்துக்கு நீர் பாய்ச்சுவோர் பூவை இழப்பர். மழை நின்றபின் மண் சற்றே காய வேண்டும். அப்போதுதான் மரம் தழைப்பதை விடுத்துப் பூக்கத் தொடங்கும். நட்ட முதல் மூன்றாண்டுகளில் வரும் பூங்கொத்துகளை, மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளிவிட வேண்டும். குழந்தையின் தோளில் மூட்டையை ஏற்றுவார் உண்டோ?

பூக்கள் மலர்ந்திருக்கும் வேளையில் பூச்சிமருந்து தெளிப்பது நம் கையாலேயே நம் கண்ணைக் குத்திக்கொள்வதாகும். மாவில் மகரந்தம் சேர்ப்பவை பெரும்பாலும் ஈக்களும் தேனீக்களுமே. தத்துப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதாயின், கொத்து தோன்றும் நிலையிலேயே தெளித்துவிட வேண்டும். கொத்துக்கு ஆயிரமாகப் பூத்தாலும் நிலைத்துக் காயாவன ஒன்றிரண்டே. பிஞ்சு உதிர்வதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. உதிர்ந்தது போக எஞ்சுவதைத்தான் மரத்தால் சுமக்க இயலும்.

மாசியும் பங்குனியும்

மாங்காய் பட்டாணி அளவு திரண்டபின் மீண்டும் நீர் பாய்ச்சலாம். கொய்யாவுக்கு இது கவாத்துக் காலம். கொய்யா புதிய துளிரில்தான் பூக்கும். ஆகவே கிளை நுனிகளை 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை வெட்டிவிட்டால் பக்கத்துளிர்கள் கிளம்பிக் காய்ப்பு மிகும். புரட்டாசியில் மீண்டும் ஒருமுறை இவ்வாறு செய்யலாம். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஒரே ஒரு மரம்தான் வைக்க இடம் உண்டு என்றால், கொய்யாவையே வையுங்கள். 100 கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு. இது ஆரஞ்சில் உள்ளதைப் போல நான்கு மடங்கு. விலையுயர்ந்த பழங்களைத் தேடிக் கடைக்கு ஓடும் நாம், கொல்லைப்புறத்தில் அணில் கடித்துப் போடும் கொய்யாவை மதிப்பதில்லை.

கொய்யாவையும் மாவையும் கெடுப்பது பழ ஈ. புழு விழுந்த பழம் கீழே விழுந்ததும், புழு வெளியேறி மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈயாக எழும். ஆகையால் உதிர்ந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி ஆழக் குழியில் புதைப்பதே முதல் மருந்து. ஈக்களுள் ஆணைக் கவரும் மணப்பொருள் துளசியில் இருப்பதால், கசக்கிய துளசியை நீரிலிட்டுச் சிரட்டைகளில் தொங்கவிடுவதும் ஓரளவு உதவும்.

பப்பாளியும் ஒரு சிறு குளவியும்

பப்பாளி விரைவில் பலன் தருவது. பெரும்பாலான நாட்டு வகைகளில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூத்தபின் இருபது பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரத்தை வைத்துக்கொண்டு மற்ற ஆண் மரங்களை நீக்க வேண்டும். எலுமிச்சையை இழந்த துயரத்தைப் பப்பாளி ஆற்றும் என்று எண்ணியிருந்தோம். 2009ஆம் ஆண்டில் வெண்பஞ்சு ஒட்டியதுபோல் ஒரு பூச்சி, இலை, தண்டு, காய் என எங்கும் மூடியது. மருந்துக்கு மேல் மருந்து தெளித்தும் பயனில்லை. மாவும் மெழுகும் போர்த்திய அதன் உடலில் மருந்து ஒட்டவே இல்லை. நாற்பது மரங்களையும் வெட்டிக் கொளுத்தினோம்.

மெக்சிகோ நாட்டைப் பிறப்பிடமாகக் கொண்ட இந்தப் பப்பாளி மாவுப்பூச்சி, 2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, மல்பெரி, மரவள்ளி ஆகியவற்றையும் அழித்தது. வந்தேறிய பூச்சியைத் துரத்த அதன் இயற்கைப் பகைவனைத் தேடினர் அறிஞர். 2010ஆம் ஆண்டில் புவர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ‘அசிரோபேகஸ் பப்பாயே’ என்னும் ஒட்டுண்ணிக் குளவியைப் பெங்களூருவிலுள்ள மைய அரசின் பூச்சியியல் நிறுவனம் தருவித்துப் பெருக்கியது. பல மாவட்டங்களில் அது விடப்பட்டது. கடுகினும் சிறிய அக்குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிடுகிறது. அதிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளிருந்து தின்றுவிடுகிறது. சில மாதங்களில் கொள்ளைநோய் அடங்கியது. கடும் நஞ்சு தெளிப்போர் இக்குளவியையும் சேர்த்தே கொல்கின்றனர் என்பதை மறக்கலாகாது.

விற்பதா, வைத்திருப்பதா?

இவ்விரு இழப்புகளுக்குப் பின், 2011ஆம் ஆண்டு மாசியில், நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பதற்கு ஒருவர் விலை பேச வந்தார். நான் ஏழாண்டுகளில் ஈட்டியதைக் காட்டிலும் பல மடங்கு தொகை அது. சென்னையிலிருந்த மகன், “அப்பா, இந்த வயதில் இந்தப் பாடு எதற்கு? கொடுத்துவிடுங்கள்” என்றான். அவன் சொன்னதில் தவறொன்றும் இல்லை. கணக்கும் அதையே சொல்லியது. நானும் மனத்தளவில் இசைந்துவிட்டேன்.

அன்று மாலை துணைவியார் என்னை மாமரங்களுக்கிடையே அழைத்துச் சென்றார். முதன்முறையாகக் கிளைகள் தாழும்படி பிஞ்சு பிடித்திருந்தது. “ஏங்க, பிள்ளை பரீட்சை எழுதுற நேரத்துல பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்துவீங்களா? வைகாசி வரைக்கும் பொறுங்க. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்” என்றார். ஆசிரியன் பதில் கூற இயலாத கேள்வி அது.

சித்திரை முதல் ஆனி வரை

அந்த வைகாசியில் பத்து ஒட்டு மரங்களும் காய்த்தன. மாங்காயைச் சிறு காம்போடு பறிக்க வேண்டும். காம்பொடிந்து வடியும் பால் தோலில் பட்டால் அவ்விடம் கறுத்துவிடும். எனவே பறித்ததும் தலைகீழாக வைத்துப் பாலை வடியவிட வேண்டும். பிறகு வைக்கோலில் அடுக்கி மூடினால் சில நாட்களில் தானாகவே பழுக்கும். பழம் தானே வெளியிடும் எத்திலின் என்னும் வாயுவே அதைக் கனிய வைக்கிறது. விரைவு வேண்டுமாயின், கனிந்த வாழைப்பழம் ஒன்றை உடன் வைத்தால் போதும். கால்சியம் கார்பைடு கல்லால் பழுக்க வைப்பது சட்டத்தால் தடுக்கப்பட்டது. அதில் ஆர்செனிக் முதலிய நஞ்சுகள் கலந்திருக்கக்கூடும். நம் குழந்தைக்குக் கொடுக்கத் துணியாததை அயலான் குழந்தைக்கு விற்பது எந்த அறம்?

நீலம் ஆனி வரையிலும் நீண்டு காய்க்கும். ஆண்டுதோறும் தவறாமல் காய்ப்பதும் அதன் சிறப்பு. அல்போன்சா போன்றவை ஓராண்டு நிறையக் கொடுத்து மறு ஆண்டு ஓய்வெடுக்கும். இதை அறிந்து இரண்டு வகையையும் கலந்து வைப்பதே சிறு தோட்டத்துக்கு ஏற்றது. அறுவடை முடிந்ததும் காய்ந்த கிளைகளை அகற்றித் தொழுவுரம் இட வேண்டும். வாங்கிய கடனைத் திருப்பித் தருவதுபோல, பழம் கொடுத்த மரத்துக்கு உரமிடுவது நம் கடமை.

அவ்வாண்டு விற்றதுபோக, தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு கூடை அனுப்பினோம். பக்கத்து நிலத்துப் பெரியவருக்கு இரண்டு கூடை. விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள் கொட்டகை வாசலில் அமர்ந்து முழங்கை வழியச் சாறொழுகத் தின்றனர். மகன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நிலத்தை விற்பது பற்றி மறுபடி அவன் பேசவில்லை. அடுத்த ஆடியில் விடுப்பெடுத்து வந்து, இறந்த எலுமிச்சைகள் நின்ற இடத்தில் பதினொரு குழிகளைத் தன் கையாலேயே நிரப்பிக் கொடுத்தான்.

இதனால் நாங்கள் செல்வராகிவிடவில்லை. ஓர் ஏக்கர் பழத்தோட்டம் ஒரு குடும்பத்தை முழுதும் தாங்கும் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். வேறு வருவாய் உடையவர்க்கு அது நல்ல துணை. அம்மட்டே. ஆனால் ஆண்டின் எல்லா மாதங்களிலும் வீட்டில் ஏதேனும் ஒரு பழம் இருக்கும். உண்பது எந்த மண்ணில் விளைந்தது என்பதைக் குழந்தை அறிந்திருக்கும். பிழை செய்தால் மறு பருவம் வரை பொறுத்துத் திருத்த வேண்டும் என்பதைப் பெரியவர்களும் கற்றுக்கொள்வர்.

என் துணைவியார் 2021ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் ஏட்டின் கடைசிக் குறிப்பு ஓர் ஆனி மாதத்துக்குரியது: “சப்போட்டாவுக்கு உரம் வைக்கணும். ஆடிக்கு அவரை விதை எடுத்து வைக்கணும்.” இரண்டையும் செய்தேன். இப்போது ஏட்டை நானே எழுதி வருகிறேன். எண்பதை நெருங்கும் என் கை நடுங்குவதால், சில நாட்களில் பேத்தி எழுதித் தருகிறாள். சென்ற ஆடியில் அவளே ஒரு மாங்கன்றை நட்டாள். ஒட்டு மண்ணுக்கு மேலே இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். இருந்தது.